முதல் கேளாத கடன்

பிரான்சோடு நடந்துகொண்டிருந்த யுத்தத்துக்குப் பொக்கிஷத்தில் பணம் போதாமல், 1694-ஆம் ஆண்டில் இங்கிலாந்து அரசாங்கம் தனவந்தர்களிடம் 12 லட்சம் பவுனை நூற்றுக்கு 8 வட்டிக்கு வாங்கி, அதற்குப் பிரதியாக இங்கிலாந்து பாங்கியை ஸ்தாபிக்கும் உரிமையை அவர்களுக்கு வழங்கியது. அன்று தொட்டு அந்நாட்டின் தேசக் கடன் பூரணமாகத் தீர்ந்த நாள் ஒன்றுகூட இல்லை. வட்டி ஒழுங்காக வந்துகொண்டிருக்கும்வரை முதலைக் கேட்டு எவரும் வாசலில் வந்து நிற்பதில்லை என்பதை நிதி மந்திரிகள் சீக்கிரமே கண்டுகொண்டார்கள்.

இந்த ஏற்பாட்டின் அந்தரங்கம் 1917-இல் விற்கப்பட்ட யுத்தக் கடன் பத்திரத்தில் நன்றாகத் தெரியும். 5 வட்டிக்கென்று விற்ற அதை, 1932-இல் நிதி மந்திரி நெவில் சேம்பர்லேன் தேசாபிமானத்தின் பேரால் வேண்டிக்கொண்டு மூன்றரை வட்டிக்கு மாற்றினார். 1952-க்குப் பிறகு சர்க்கார் விரும்பினால் முதலைத் தரலாம், தராமலும் இருக்கலாம் என்பது நிபந்தனை. 100 பவுன் போட்டவருக்கு ஆண்டுக்கு 3 பவுன் 10 ஷில்லிங் தவறாமல் வந்தது. ஷில்லிங் வழக்கொழிந்த பின்பும் வந்தது. விலைவாசி ஒரே ஆண்டில் நூற்றுக்கு இருபதுக்கு மேல் ஏறிய 1975-லும் அதே மூன்றரை பவுன்தான். கடைசியில் 2015 மார்ச் 9-ஆம் தேதி நூறு பவுனும் ஒரு பென்னி குறையாமல் திருப்பித் தரப்பட்டபோது, 1932-இல் அந்தத் தொகைக்குக் கிடைத்திருக்கக்கூடிய சாமான்களில் சொற்பமே அதற்கு அகப்பட்டது.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்த சமயம் பிரிட்டனின் கடன் அதன் வருஷாந்தர உற்பத்தியைப்போல் ஏறக்குறைய இரண்டரை மடங்கு. (அப்போது இந்தியாவுக்கும் அது நூறு கோடி பவுனுக்கு மேல் பாக்கிப்பட்டிருந்தது; ஆண்டவன் ஆளப்பட்டவனிடம் கடனாளியான அந்த விசித்திரக் கணக்கில், வெள்ளைக்கார உத்தியோகஸ்தர்களின் பென்ஷனும் அவர்கள் விட்டுச்சென்ற ராணுவத் தளவாடங்களின் விலையும் பிற்பாடு கழிக்கப்பட்டன.) முப்பது வருஷங்களுக்குள் பிரிட்டனின் மொத்தக் கடன் உற்பத்தியில் பாதியளவுக்கு இறங்கியதற்கு, வரி கொடுத்தவர்களின் தியாகத்தைவிட, உற்பத்திப் பெருக்கமும், அடக்கி வைக்கப்பட்ட வட்டியும், பத்திரக்காரர்களின் பணத்தைச் சத்தமின்றி அரித்த விலையேற்றமுமே பிரதான காரணங்கள்.

அந்த உபாயம் இனிப் பலிப்பது கஷ்டம். 1981 முதல் விலைவாசியோடு கூடவே முதலும் வட்டியும் ஏறுகிற பத்திரங்களைச் சர்க்கார் விற்றுவருகிறது. கடனில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு அவ்வகை. மேலும், யுத்தத்துக்கு வாங்கிய கடன் யுத்தத்தோடு நின்றது. ஜனங்களின் முதுமைக்காக வாங்குகிற கடனுக்கு அப்படிச் சமாதான உடன்படிக்கை கிடையாது. வரவு செலவை நிஷ்பட்சமாக ஆராயும் பட்ஜெட் பொறுப்பு அலுவலகம் 2024 செப்டம்பரில் கணக்கிட்டபடி, அன்றைய கொள்கைகளே நீடித்தால், உற்பத்திக்கு ஏறக்குறைய சமமாக உள்ள கடன் ஐம்பது ஆண்டுகளில் நூற்றுக்கு 274 ஆகும். ஆஸ்பத்திரிச் செலவும் பென்ஷனும் இதில் பெரும் பங்கு. விலைவாசி, சம்பள உயர்வு, இரண்டரை சதவீதம் ஆகிய மூன்றில் எது அதிகமோ அந்த வீதப்படி பென்ஷனை உயர்த்தும் வழக்கத்தைத் தொடுகிற துணிவு எந்தப் பெரிய கட்சிக்கும் இருப்பதாகத் தோன்றவில்லை. 2024 ஜூலையில் புதிய மந்திரிசபை, முதியோருக்குக் குளிர்கால எரிபொருளுக்காகக் கொடுத்துவந்த 200, 300 பவுன் மானியத்தை ஏழைகளுக்கு மட்டும் என்று சுருக்கிப் பார்த்தது. எழுந்த கூக்குரலில், ஓராண்டு முடிவதற்குள், பெரும்பாலோருக்கு அதைத் திரும்பக் கொடுத்துவிட்டது.