மோட்டார் காரில் விசையும் திரையும்

மும்பை நகரத்தில் நெடுநாள் வாழ்ந்த தமிழர்களுக்குக் கறுப்பும் மஞ்சளும் பூசிய பத்மினி டாக்ஸியை யாரும் அறிமுகம் செய்துவைக்க வேண்டியதில்லை. ஊரிலிருந்து வந்த மூட்டை முடிச்சுகளோடு தாதர் ரயில் நிலையத்தில் இறங்கி, மாதுங்காவுக்கோ செம்பூருக்கோ அதில் ஏறிச் சென்றவர்கள் நம்மில் எத்தனையோ பேர். குர்லாவில் இருந்த பிரீமியர் தொழிற்சாலையில் உருவான அந்த வண்டி, 2023ஆம் ஆண்டு அக்டோபர் மாத இறுதியோடு மும்பையின் டாக்ஸித் தொழிலிலிருந்து விடைபெற்றது. இரண்டு ஆண்டுகள் கூட நிறையவில்லை. 2025 ஜூலையில் அதே நகரத்தில் அமெரிக்காவின் டெஸ்லா நிறுவனம் இந்தியாவில் தன் முதல் விற்பனைக் கூடத்தைத் திறந்தது. இவ்விரு வண்டிகளின் உட்புறத்தையும் அடுத்தடுத்துப் பார்க்கும் வாய்ப்பு மும்பைவாசிகளுக்குக் கிடைத்தது. அந்த ஒப்பீட்டைப் பற்றியே இன்று சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன்.

பத்மினியில் காரோட்டிக்கு எதிரே இருந்தவை மிகச் சில. வேகத்தையும் பெட்ரோலின் அளவையும் காட்டும் முட்கள். குளிர்ந்த யந்திரத்தைக் கிளப்புவதற்கு வெளியே இழுக்கும் 'சோக்' குமிழ். விளக்குக்கும் வைப்பருக்கும் தனித்தனி விசைகள். கியர் தண்டு ஸ்டீயரிங் சக்கரத்தின் அடியிலே, இடக்கைக்கு எட்டும்படி நீட்டிக்கொண்டிருக்கும். மாஹிம் நெரிசலில் அந்தச் சாரதி ஒரு பக்கம் பயணியோடு விலைவாசியைப் பற்றி வாதம் செய்வார். மறுபக்கம் கியரை மாற்றுவார், ஹாரனை அடிப்பார், வைப்பரைப் போடுவார். அவர் கண் மட்டும் சாலையை விட்டுக் கீழே இறங்காது. எந்த விசை எங்கே இருக்கிறதென்று அவர் கை அறிந்திருந்தது.

இனி, டெஸ்லாவின் 'மாடல் ஒய்' என்னும் வண்டியில் ஏறி அமர்வோம். காரோட்டிக்கு நேர் எதிரே முள்ளும் இல்லை, வட்டமும் இல்லை. வண்டியின் நடுவில், 15 அங்குலத்துக்கு மேற்பட்ட குறுக்களவு கொண்ட கண்ணாடித் திரை ஒன்று மட்டும் நிற்கிறது. வேகம் அதன் மூலையில் எண்ணாகத் தெரியும். வண்டியை முன்னே செலுத்தவோ பின்னே செலுத்தவோ வேண்டுமானால், அந்தத் திரையின் ஓரத்தில் விரலை நகர்த்த வேண்டும். குளிர்காற்று எந்தப் பக்கம் வீச வேண்டும் என்பதையும் திரையில்தான் சொல்ல வேண்டும். சிறு சாமான்கள் வைக்கும் அறையின் கதவும் திரையைத் தொட்டால்தான் திறக்கும்! வீட்டு அலமாரியைத் திறக்க எழுதிக் கொடுத்து மனுச் செய்வது போல இது எனக்குத் தோன்றியது. இளைஞர்கள் இதை ரசிக்கிறார்கள். அவர்களோடு நான் சண்டைக்குப் போகவில்லை.

இந்தப் பலகைக்கு ஆங்கிலத்தில் 'டாஷ்போர்டு' என்று பெயர் வந்த கதை சுவையானது. குதிரை வண்டிக் காலத்தில், குதிரையின் குளம்புகள் வாரியடிக்கும் சேறு வண்டியோட்டியின் மேல் தெறிக்காமல் காக்க முன்புறத்தில் ஒரு பலகையை நிறுத்தியிருந்தார்கள். குதிரை போய் யந்திரம் வந்த பின்னும் பலகை அங்கேயே நின்றது. அளவுகாட்டிகளைப் பொருத்துவதற்கு அதைவிட வசதியான இடம் வேறு இல்லை.

ஆனால் எந்தக் கருவியை எங்கே வைப்பது என்பதில் தொடக்கத்தில் ஓர் ஒழுங்கும் இருக்கவில்லை. ஃபோர்டு நிறுவனத்தின் புகழ்பெற்ற 'மாடல் டி' வண்டியில் பெட்ரோலைக் கூட்டிக் குறைப்பது கையால். அதற்குரிய சிறு தண்டு ஸ்டீயரிங் சக்கரத்தின் அடியில் இருந்தது. காலுக்கு மூன்று மிதிகள்: இடப்புறத்து மிதி கியருக்கு, நடுமிதி பின்னே செல்வதற்கு, வலப்புறத்து மிதி பிரேக்குக்கு. இன்று கார் ஓட்டுகிறவர் ஒருவரை அதில் உட்கார வைத்தால், வேகம் கூட்டுவதாக எண்ணிப் பிரேக்கை மிதிப்பார். கிளட்ச், பிரேக், ஆக்ஸிலரேட்டர் என்று நாம் பழகிய வரிசை 1916இல் ஒரு காடிலாக் வண்டியிலும், பிறகு 1922இல் இங்கிலாந்தின் 'ஆஸ்டின் செவன்' வண்டியிலும் அமைந்து, சிறிது சிறிதாக உலகமெங்கும் பரவியது. இவ்வாறு ஒரு பொது வழக்கு ஏற்பட்டதனால்தான் ஒரு வண்டியில் கற்றவர் மற்றொரு வண்டியை ஓட்ட முடிகிறது.

அந்தப் பொது வழக்கு சற்றே பிசகினாலும் என்ன ஆகும் என்பதை நம் நாட்டிலேயே காணலாம். மாருதி போன்ற வண்டிகளில் திரும்பும் குறிவிளக்கின் தண்டு ஸ்டீயரிங்கின் வலப்பக்கம் இருக்கும். ஐரோப்பிய முறையைப் பின்பற்றும் ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா வண்டிகளில் அது இடப்பக்கம். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறியவர், முதல் வாரம் முழுவதும் திருப்பத்தில் குறிவிளக்குக்குப் பதிலாக வைப்பரைப் போட்டு, நல்ல வெயிலில் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு போவார். பார்ப்பவர்க்குச் சிரிப்பு, ஆயினும் கை எவ்வளவு ஆழமாகப் பாடம் படித்து வைத்திருக்கிறது என்பதற்கு அதுவே சான்று. மின்சாரம் நின்றுபோன இரவில் நம் வீட்டுப் பெண்கள் அடுக்களைத் தட்டிலிருந்து தீப்பெட்டியை எடுக்கிறார்களே, அதுவும் இந்தக் கல்விதான். இடம் மாறாமல் இருக்க வேண்டும். தொட்டால் தனக்கென்று ஓர் உருவம் இருக்க வேண்டும். இவ்விரண்டும் இருந்தால் கை கண்ணைத் துணைக்கு அழைப்பதில்லை.

தொடுதிரையில் இவ்விரண்டுமே இல்லை. அது வேலை செய்யும் விதத்தைச் சொன்னால் காரணம் விளங்கும். கண்ணாடியின் அடியில், கண்ணுக்குத் தெரியாத மெல்லிய மின்கடத்திகள் வலைபோல் பரவியிருக்கின்றன. மனித உடல் மின்சாரத்தைக் கடத்தும் தன்மையுடையது. ஆகையால் விரல் அருகில் வந்தவுடன் அந்த இடத்தில் மின்னேற்றத்தின் அளவு மாறுகிறது; எந்த இடத்தில் மாறியது என்பதைக் கணித்து, கருவி நம் விருப்பத்தை ஊகித்துக்கொள்கிறது. அழுத்தம் தேவையில்லை, தொட்டாலே போதும். அதனாலேயே விரலால் தடவித் தேடவும் முடியாது. தடவினாலே அது கட்டளையாகிவிடும். ஈரக் கையும் கம்பளிக் கையுறையும் அதைக் குழப்புவதுண்டு. மேலும், இந்த நிமிடம் வானொலி இருந்த இடத்தில் அடுத்த நிமிடம் வரைபடம் இருக்கும். ஆகவே ஒவ்வொரு முறையும் கண் கீழே வந்து பார்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இத்திரை நேற்று முளைத்ததன்று. 1986இலேயே அமெரிக்காவின் 'ப்யூக் ரிவியேரா' காரில், பழைய டெலிவிஷன் பெட்டியின் குழாய் போன்ற ஒரு தொடுதிரையை வைத்து விற்றார்கள். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் அதைக் கைவிட்டார்கள். பின்னர் 2012இல் டெஸ்லாவின் 'மாடல் எஸ்' 17 அங்குலத் திரையோடு வந்தபோது மற்றவர்களும் அவ்வழியே ஓடினார்கள். அழகு ஒரு காரணம், பணம் மற்றொன்று. ஒவ்வொரு பொத்தானுக்கும் ஓர் அச்சு வேண்டும், கம்பி வேண்டும், பொருத்த ஆள் வேண்டும். திரை ஒன்றை வைத்துவிட்டால் எத்தனை பொத்தான்களை வேண்டுமானாலும் படமாக வரைந்துகொள்ளலாம்; விற்ற பிறகும் மாற்றி வரையலாம். அன்றியும் பின்புறக் காமிராவின் காட்சியைக் காட்டத் திரை எப்படியும் வேண்டியிருக்கிறது. 2018 மே மாதம் முதல் அமெரிக்காவில் புதுக் கார்களுக்கு அந்தக் காமிரா சட்டப்படி கட்டாயமாயிற்று.

இப்போது ஒரு சிறு கணக்கு. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு விநாடியில் ஏறக்குறைய 17 மீட்டர் போய்விடுகிறது. இரண்டு விநாடி கண்ணைத் தாழ்த்தினால் 33 மீட்டர். அவ்வளவு தூரமும் காரோட்டி குருடராகவே செல்கிறார். அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் 2013இல் வெளியிட்ட நெறிமுறையில், ஒரு பார்வை இரண்டு விநாடிக்கு மேற்படாமலும், ஒரு வேலைக்காகக் கண் சாலையை விட்டு விலகும் மொத்த நேரம் 12 விநாடியைத் தாண்டாமலும் கருவிகள் அமைய வேண்டும் என்று கூறியது.

சுவீடன் நாட்டின் 'வி பீலேகாரே' என்னும் மோட்டார் பத்திரிகை 2022இல் ஒரு சோதனை நடத்தியது. பதினொரு புதிய வண்டிகளையும், அவற்றோடு 2005ஆம் ஆண்டின் பழைய வால்வோ ஒன்றையும் ஒரு விமான ஓடுதளத்தில் மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினார்கள். இருக்கைச் சூட்டைப் போடுவது, வெப்பநிலையைக் கூட்டுவது, குறிப்பிட்ட வானொலி நிலையத்தை வைப்பது, விளக்கொளியைக் குறைப்பது போன்ற சாதாரண வேலைகளே கொடுக்கப்பட்டன. வண்டியைப் பழகிக்கொள்ள முன்கூட்டியே அவகாசமும் உண்டு. பொத்தான்கள் நிறைந்த கிழ வால்வோவில் எல்லாம் 10 விநாடியில் முடிந்தன. அதற்குள் வண்டி 306 மீட்டர் சென்றிருந்தது. கடைசியாக வந்த புது வண்டியில் அதே வேலைகள் முடிவதற்குள் 1,372 மீட்டர் கடந்துவிட்டது. பதினேழு வயதுக் கார் பந்தயத்தில் வென்றது என்று அந்நாட்டில் வேடிக்கையாகப் பேசிக்கொண்டிருக்கக் கூடும். எனக்கு அது வேடிக்கையாகப் படவில்லை.

ஏனென்றால், சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆடி மாதத்தில் என் மருமகன் ஓட்ட, செம்பூரிலிருந்து புனேக்குப் போய்க்கொண்டிருந்தோம். புதிதாய் வாங்கிய வண்டி. கண்டாலா மலைப்பாதையில் மழை பிடித்துக்கொண்டது. உள்ளே நான்கு பேருடைய மூச்சு, வெளியே குளிர்ந்த மழை; முன்கண்ணாடி சட்டென்று வெண்மையாய்ப் பூத்துவிட்டது. அதன்மேல் காற்றை வீசச் செய்யும் படம் திரையில் எங்கோ இருக்கிறது. மருமகன் ஒரு தடவை பார்த்தான். பாட்டின் பெயர் வந்தது. மறு தடவை பார்த்தான். இருக்கையின் படம் வந்தது. மூன்றாம் தடவை பார்க்கும்போது எதிரே ஒரு லாரியின் சிவப்பு விளக்கு மிக அருகில் தெரிந்தது. பின்னால் இருந்த என் தமக்கை போட்ட கூச்சலில் அவன் பிரேக்கை மிதித்தான். ஒன்றும் நேரவில்லை. வண்டியை ஓரத்தில் நிறுத்திவிட்டு முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தோம்.

ஜெர்மனியில் ஒருவருக்கு அவ்வளவு அதிர்ஷ்டம் இருக்கவில்லை. மழையில் வைப்பரின் வேகத்தைத் திரையில் மாற்றப் போய், அவருடைய டெஸ்லா வண்டி சாலையை விட்டு விலகி மோதியது. கார்ல்ஸ்ரூஹே உயர்நீதிமன்றம் 2020இல் அவருக்கு விதித்த 200 யூரோ அபராதத்தையும் ஒரு மாத ஓட்டுத் தடையையும் உறுதி செய்தது. வண்டியில் பொருத்தப்பட்ட திரையானாலும், ஓட்டும்போது அதில் கவனத்தைச் செலுத்துவது குற்றமே என்பது தீர்ப்பின் சாரம். வடிவமைத்தவர் தப்பினார், ஓட்டியவர் அகப்பட்டார்.

கடலிலும் இந்தப் பாடம் படிக்கப்பட்டது. 2017 ஆகஸ்டில் சிங்கப்பூருக்கு அருகே 'ஜான் எஸ். மக்கெய்ன்' என்னும் அமெரிக்கப் போர்க்கப்பல் ஓர் எண்ணெய்க் கப்பலோடு மோதிப் பத்து மாலுமிகள் உயிரிழந்தார்கள். கப்பலின் இரு சுழல்விசிறிகளின் வேகமும் திரையின் வழியே கட்டுப்பட்டு வந்தது. இரண்டையும் சேர்த்துக் குறைப்பதாக எண்ணி ஒன்றை மட்டுமே குறைத்ததால் கப்பல் ஒரு பக்கமாகத் திரும்பிவிட்டது. கையில் பிடிக்கும் இரண்டு தண்டுகளாயிருந்தால், ஒன்று முன்னும் மற்றொன்று பின்னும் நிற்பதைக் கை உடனே சொல்லியிருக்கும். 2019இல் அமெரிக்கக் கடற்படை, அவ்வகைக் கப்பல்களில் பழையபடி கைத்தண்டுகளையே பொருத்தப் போவதாக அறிவித்தது.

இவ்வளவு சொன்னதால் திரையே வேண்டாம் என்று நான் கூறுவதாக நேயர்கள் கொள்ளலாகாது. வேற்று மாநிலத்துக்கு வந்து குடியேறிய நமக்கு, திரையில் ஓடும் வரைபடம் பெரிய துணை. பெயர்ப் பலகை மராத்தியில் இருந்தாலும் வங்காளியில் இருந்தாலும், 'வலப்புறம் திரும்புங்கள்' என்று தமிழிலேயே வழி கேட்டுக்கொண்டு போகலாம். குறுகிய சந்தில் வண்டியைப் பின்னே எடுக்கும்போது, தாழ்ந்த கண்ணாடிக்குத் தெரியாத குழந்தையைக் காமிரா காட்டிக் கொடுக்கிறது. நின்றிருக்கும்போது பார்க்கவேண்டியவை, ஓரக்கண்ணால் அறியவேண்டியவை, இவற்றுக்குத் திரை தகும். ஓடும் வண்டியில் விரைந்து செய்யவேண்டியவற்றுக்கு விசையே தகும்.

உற்பத்தியாளரும் இதை உணரத் தொடங்கியிருக்கிறார்கள். ஃபோக்ஸ்வாகன் நிறுவனம் 2019இல் வெளியிட்ட கோல்ஃப் காரில், ஒலியையும் வெப்பநிலையையும் கூட்டிக் குறைக்கத் தடவும் பட்டையை வைத்தது. இரவில் அதற்கு விளக்கு கூட இல்லை. வாங்கியவர்கள் முறையிட்டார்கள். 2025இல் அந்நிறுவனத்தின் வடிவமைப்புத் தலைவர் ஆந்திரேயாஸ் மிண்ட், ஒலியளவு, இருபுறத்து வெப்பநிலை, விசிறி, அபாய விளக்கு ஆகியவற்றுக்கு இனி மெய்யான பொத்தான்களே இருக்கும் என்று கூறினார். கார்களைச் சோதித்து நட்சத்திரம் வழங்கும் ஐரோப்பிய அமைப்பான 'யூரோ என்கேப்', 2026 முதல் குறிவிளக்கு, அபாய விளக்கு, வைப்பர், ஹாரன், அவசர உதவி அழைப்பு ஆகிய ஐந்துக்கும் தனி விசை வைக்கும் வண்டிகளுக்கு மதிப்பெண் அளிக்கும் விதியைக் கொண்டுவந்தது. சட்டமன்று, ஆனால் ஐந்து நட்சத்திரத்தை விளம்பரம் செய்ய விரும்பும் கம்பெனிக்கு அது சட்டத்தைப் போலத்தான்.

நம் நாட்டில் காரோட்டி வலப்பக்கம் அமர்வதால், நடுத்திரையை இடக்கையால் தொட வேண்டியிருக்கிறது. வலக்கைப் பழக்கமுள்ளவர்களுக்குக் குலுங்கும் சாலையில் இடக்கை விரலைச் சரியான படத்தில் வைப்பது எளிதன்று. புது வண்டி வாங்கப் போகிறவர்கள் இதையும் நினைவில் கொள்ள வேண்டும். விற்பனைக் கூடத்தில் வண்டி நிற்கும்போதே ஓட்டும் இடத்தில் அமர்ந்து, எது எங்கே என்று ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு வைப்பரைப் போடுங்கள், அபாய விளக்கைப் போடுங்கள், முன்கண்ணாடிக்குக் காற்றைத் திருப்புங்கள், பாட்டை நிறுத்துங்கள். விற்பனை செய்யும் இளைஞர் சற்று விநோதமாகத்தான் பார்ப்பார். வண்டி ஏற்கனவே வாங்கியாயிற்று என்றால், புறப்படுமுன் வேண்டியதையெல்லாம் திரையில் சரிசெய்துகொண்டு, வழியில் அதைத் தொடும் வேலையைப் பக்கத்தில் அமர்ந்திருப்பவரிடம் ஒப்படைத்துவிடலாம். எங்கள் குடும்பத்தில் இப்போது அந்தப் பொறுப்பு என் தமக்கையினுடையது.