இந்த சிரப்புக்கு இருமல் கேட்குமா?

சிறிய, நடுத்தர மருந்து ஆலைகள் மருந்துத் தயாரிப்புத் தரத்துக்கான திருத்தப்பட்ட 'எம்' அட்டவணை விதிகளுக்கு மாறுவதற்கான கெடு 2025 டிசம்பர் 31-ஆம் தேதியோடு முடிந்தது. ஆண்டுக்கு 250 கோடி ரூபாய்க்கு மேல் விற்கும் பெரிய ஆலைகளுக்கு இந்த விதிகள் 2024 நடுவிலேயே வந்துவிட்டன. மற்ற ஆலைகளுக்கு 2025 டிசம்பர் வரை அவகாசம் நீட்டப்பட்டது. அந்த அவகாசம் ஓடிக்கொண்டிருந்தபோதுதான் காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில் இயங்கிய ஸ்ரீசன் ஆலையின் 'கோல்ட்ரிஃப்' சிரப்பைக் குடித்த 20-க்கும் மேற்பட்ட குழந்தைகள், பெரும்பாலும் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பகுதியில், சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அந்த சிரப்பில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சுப்பொருள் 48.6% இருந்ததை 2025 அக்டோபரில் தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் பரிசோதனை காட்டியது. இருக்கக்கூடிய உச்ச அளவு 0.1%.

அன்றிலிருந்து வந்த வாசகர் கடிதங்களில் ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வந்தது: "ஜனவரிக்குப் பிறகு எந்த சிரப்பை நம்பி வாங்கலாம்?" குழந்தைகளின் பெற்றோர் மட்டும் கேட்கவில்லை. மாதக் கணக்கில், சிலர் வருடக் கணக்கில் இருமிக்கொண்டிருக்கும் பெரியவர்களும் இதையேதான் கேட்கிறார்கள். தரமான சிரப் கிடைத்தால் இருமல் நின்றுவிடும் என்ற நம்பிக்கை அந்தக் கடிதங்களில் இருக்கிறது. அதிகாரிகளின் அறிக்கைகளும் அந்த நம்பிக்கையைத் திருத்தவில்லை.

அரசு 'தரமான மருந்து' என்று சொல்லும்போது உறுதி தருவது மூன்றே விஷயங்களுக்கு. சீட்டில் எழுதியிருப்பதுதான் புட்டிக்குள் இருக்கிறது, நஞ்சு கலக்கவில்லை, ஆலை சுத்தமாக இருக்கிறது. அந்த மருந்துக்கு இருமல் கேட்குமா என்பது இந்தக் கணக்கில் வராது. புதிய விதிகளின் ஒவ்வொரு வரியையும் கடைப்பிடிக்கும் ஆலையிலிருந்து, நீண்ட நாள் இருமலுக்கு ஒரு பயனும் இல்லாத சிரப் சட்டப்படி வெளிவரலாம்.

நீண்ட நாள் என்றால் எத்தனை நாள்?

பெரியவர்களுக்கு எட்டு வாரம் என்கின்றன சர்வதேச வழிகாட்டுதல்கள். வைரஸ் காய்ச்சலுக்குப் பின் வரும் இருமல் பெரும்பாலும் அதற்குள் தானே அடங்கிவிடும் என்பதால் போட்ட கோடு இது. ஆராய்ச்சிக்கு ஆள் சேர்க்க வசதியான கோடு. உடம்புக்குள் எட்டாவது வாரத்தில் எதுவும் மாறுவதில்லை. நம் ஊரில் அத்தனை நாள் காத்திருக்கக் கூடாது. இரண்டு வாரம் தாண்டினாலே காசநோய்க்குச் சளிப் பரிசோதனை செய்ய வேண்டும் என்பது தேசிய காசநோய்த் திட்டத்தின் விதி. மருத்துவமனைச் சுவரில் ஒன்று, மருத்துவர் வாயில் ஒன்று என்று குழம்பியவர்களுக்கு விடை இதுதான்: இரண்டு வாரம் காசநோயைத் தேடுவதற்கு, எட்டு வாரம் மற்ற காரணங்களை வகை பிரிப்பதற்கு.

எல்லாம் பார்த்தாயிற்று, காரணம் தெரியவில்லை என்றால்?

ஆஸ்துமா, மூக்கிலிருந்து தொண்டைக்கு இறங்கும் சளி, வயிற்று அமிலம் மேலேறுவது ஆகிய மூன்றையும் மருத்துவர்கள் முதலில் தேடுவார்கள். இவற்றை விவரிக்கப் போவதில்லை. எழுதிய பலரும் இந்த மூன்றுக்கும் மருந்து சாப்பிட்டு முடித்தவர்கள். எக்ஸ்ரே சுத்தம், ஸ்கேன் சுத்தம், இருமல் மட்டும் நிற்கவில்லை. தாளிக்கும் மிளகாய் நெடி, ஊதுபத்திப் புகை, ஏசி அறையின் குளிர்காற்று, சில நேரம் வாய்விட்டுச் சிரிப்பதுகூட அவர்களுக்கு இருமலைக் கிளப்பிவிடுகிறது. இவர்களில் பெண்கள் அதிகம். இருமும்போது சிறுநீர் கசிவதால் கல்யாண வீடுகளுக்குப் போவதையே விட்டுவிட்டதாக ஒரு வாசகி எழுதியிருந்தார்.

இங்கிலாந்தின் ஹல் நகரில் ஆலின் மோரிஸ் உள்ளிட்ட ஆய்வாளர்கள் இதற்கு ஒரு விளக்கம் தருகிறார்கள். மூச்சுக்குழாயிலிருந்து மூளைக்குச் செய்தி கொண்டுபோகும் வேகஸ் நரம்பு இழைகளின் உணர்திறன் கூடிவிடுகிறது. மற்றவர்கள் கவனிக்கவே கவனிக்காத தூண்டுதலுக்கும் அவை மூளையை எழுப்புகின்றன. பத்தாண்டுகளுக்கு மேலாக இருமல் ஆராய்ச்சி இந்த வழியில்தான் போகிறது. நல்ல விளக்கம்தான். ஆனால் இதை உறுதிசெய்ய ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது என்பதை நோயாளிகளிடம் சொல்லிவிட வேண்டும். மற்றதெல்லாம் இல்லை என்று தெரிந்த பிறகு ஒட்டப்படும் பெயர் இது.

அந்த நரம்புக்கு மருந்து வந்துவிட்டதாமே?

வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கும் வாசகர்கள் கேட்பது இது. ஜெஃபாபிக்ஸன்ட் என்ற மாத்திரையைத்தான் சொல்கிறார்கள். இந்த மாத்திரையின் கதையை விரிவாகச் சொல்ல வேண்டும். இருமல் மருந்து எதையும் ஏன் எளிதில் நம்பக் கூடாது என்பதற்கான காரணம் இதற்குள் இருக்கிறது.

அடிபட்ட செல்களிலிருந்து ஏடிபி என்ற பொருள் கசியும். வேகஸ் நரம்பு இழைகளில் உள்ள பி2எக்ஸ்3 என்ற வாசல் அதை உணர்ந்து இருமலைக் கிளப்பும். அந்த வாசலை அடைப்பதே மாத்திரையின் வேலை. 2015-இல் 'லான்செட்' இதழில் வந்த முதல் ஆய்வில் நோயாளிகள் வெறும் 24 பேர். வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டபோது பகல் இருமல் 75% குறைந்திருந்தது. அடுத்த ஆண்டே அமெரிக்காவின் மெர்க் நிறுவனம், மாத்திரையை உருவாக்கிய சிறு நிறுவனத்தை மொத்தமாக வாங்கியது. பிறகு 2,000-க்கும் மேற்பட்டவர்களை வைத்து இரண்டு பெரிய பரிசோதனைகள் நடந்தன. 2022-இல் முடிவுகள் வெளிவந்தபோது அந்த 75% காணாமல் போயிருந்தது. வெற்று மாத்திரையைவிட ஒரு பரிசோதனையில் 18.5%, மற்றதில் 14.6% மட்டுமே கூடுதல் குறைவு.

மருந்து தோற்றுவிட்டது என்று இதைச் சொல்ல முடியாது. மருந்து சாப்பிட்டவர்களுக்கு இருமல் நன்றாகவே குறைந்தது. தொடக்கத்தில் மணிக்குச் சுமார் 18 முறை இருமியவர்கள் கடைசியில் சுமார் 7 முறைதான் இருமினார்கள். ஆனால் வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் இருமல் பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. ஏறத்தாழ 20-லிருந்து எட்டு, பத்துக்கு இறங்கியது. உள்ளே ஒன்றுமே இல்லாத மாத்திரையால், வருடக் கணக்கில் எதற்கும் அடங்காத இருமல், பாதிக்குப் பாதி அடங்கியது.

எண்ணியதில் பிழையா? இருமலை நோயாளியின் நினைவை நம்பி எண்ணவில்லை. மான்செஸ்டரில் உருவான ஒரு கருவியைப் பயன்படுத்தினார்கள். சட்டையில் ஒரு மைக்கும் நெஞ்சில் ஒட்டிய ஒரு உணரியும் 24 மணி நேர ஓசையைப் பதிவுசெய்யும். மௌனமான பகுதிகளை மென்பொருள் வெட்டிவிடும். மிச்சத்தைப் பயிற்சி பெற்றவர்கள் கேட்டு ஒவ்வொன்றாக எண்ணுவார்கள். இந்த எண்ணிக்கை முறை பற்றியும் அமெரிக்காவின் மருந்து அனுமதி அமைப்பான எஃப்.டி.ஏ. கேள்வி எழுப்பியதால், பதிவுகளை மறுபடி கேட்டு எண்ண வேண்டி வந்தது. அப்போதும் பெரிய படம் மாறவில்லை.

ஆக, குறைந்தது உண்மையான இருமல்தான். எப்படிக் குறைந்தது? ஒரு பங்கு கணக்கு சார்ந்தது. இருமல் உச்சத்தில் இருக்கும்போதுதான் ஒருவர் பரிசோதனையில் சேர வருகிறார். உச்சத்திலிருந்து அது எப்படியும் கொஞ்சம் இறங்கும். இன்னொரு பங்கு மூளை சார்ந்தது. தும்மலை அடக்க நம்மால் அவ்வளவாக முடியாது. இருமலை ஓரளவு அடக்க முடியும், வேண்டுமென்றே இருமவும் முடியும். அனிச்சையும் விருப்பமும் கலந்த செயல் அது. மெல்போர்னில் ஸ்டூவர்ட் மாசோன் குழுவினர் ஆரோக்கியமானவர்களை மிளகாயின் காரச்சத்தான கேப்சைசினை முகரவைத்து, மருந்து என்று சொல்லி மருந்தே இல்லாத ஒன்றைக் கொடுத்தார்கள். இருமத் தோன்றும் உந்துதலே குறைந்தது. அப்போது மூளையின் முன்பகுதியில் செயல்பாடு மாறியதைப் படமெடுத்தும் காட்டினார்கள். மருந்து கிடைத்துவிட்டது என்று மூளை நம்பினால், கீழிருந்து வரும் செய்தியின் குரலை அதுவே தணிக்கிறது.

இதைப் படித்துவிட்டு, "அப்படியானால் உனக்கு எல்லாம் மனசுதான்" என்று வீட்டில் இருமுகிறவரிடம் தயவுசெய்து யாரும் சொல்ல வேண்டாம். நரம்பின் தொந்தரவு நிஜம். அதைத் தணிக்கும் சக்தி மூளைக்கும் இருக்கிறது என்பதும் நிஜம்.

எனக்குக் கவலை தருவது இதற்கு அடுத்தது. பி2எக்ஸ்3 வாசல் நாக்கின் சுவை நரம்புகளிலும் உண்டு. பெரிய பரிசோதனைகளில் முழு அளவு மருந்து சாப்பிட்டவர்களில் 58% பேருக்கு ஒன்றிலும், 69% பேருக்கு மற்றதிலும் சுவை கெட்டது. 2015 ஆய்விலோ மருந்து சாப்பிட்ட அத்தனை பேருக்கும். நாக்கில் சுவை போனதும், தனக்குக் கிடைத்திருப்பது நிஜ மருந்து என்று ஒருவர் ஊகித்துவிட முடியும். ஊகித்தால் நம்பிக்கை கூடும். நம்பிக்கை கூடினால் இருமல் இன்னும் குறையும். யாருக்கு எது கொடுக்கப்பட்டது என்று தெரியாமல் இருப்பதுதான் இப்படிப்பட்ட பரிசோதனையின் அடித்தளம். நாக்கு அதைக் காட்டிக்கொடுத்திருந்தால், அந்த 18.5 சதவீதத்தில் மருந்தின் பங்கு எவ்வளவு, நம்பிக்கையின் பங்கு எவ்வளவு என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

2023 நவம்பரில் எஃப்.டி.ஏ.வின் ஆலோசனைக் குழு 12-க்கு 1 என்ற கணக்கில், நோயாளிக்கு உணரத்தக்க பலன் நிரூபிக்கப்படவில்லை என்று வாக்களித்தது. அடுத்த மாதம் அனுமதி இரண்டாவது முறையாக மறுக்கப்பட்டது. ஜப்பான் 2022-லும் ஐரோப்பிய ஒன்றியம் 2023-லும் அதே ஆதாரங்களைப் பார்த்து அனுமதி தந்திருந்தன. ஒரே எண்கள், எதிரெதிர் தீர்ப்புகள். அனுமதித்த நாடுகளைப் பிழை சொல்ல மாட்டேன். வேறு வழியே இல்லாத நோயாளிக்கு அந்தச் சிறிய வித்தியாசமும் பெரிதாக இருக்கலாம். ஆனால் 'அங்கீகரிக்கப்பட்ட மருந்து' என்ற அறிவிப்பைப் படிக்கும்போது இந்தக் கணக்கு நினைவில் இருக்க வேண்டும். சுவையைக் குறைவாகக் கெடுக்கும் கேம்லிபிக்ஸன்ட் என்ற மாத்திரைக்காக ஜிஎஸ்கே நிறுவனம் 2023-இல் 200 கோடி டாலர் கொடுத்து ஒரு கனடா நிறுவனத்தை வாங்கியது. அந்த மாத்திரையையும் இதே கணக்கை வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

கடையில் வாங்கும் சிரப்புக்கும் இது பொருந்துமா?

இன்னும் அதிகமாகவே பொருந்தும். சளியோடு வரும் சாதாரண இருமலுக்கான ஆய்வுகளைத் தொகுத்த கார்டிஃப் பல்கலைக்கழகத்தின் ரான் எக்ல்ஸ், 2002-இல் ஒரு கணக்கு சொன்னார்: மருந்தால் கிடைத்ததாகத் தோன்றும் குறைவில் சுமார் 85% வெற்று மருந்திலும் கிடைக்கிறது. இனிப்பான, கெட்டியான திரவம் தொண்டையில் இறங்குவதற்கே ஒரு பலன் உண்டு என்று அவர் வாதிட்டார். கடைச் சிரப்புகளில் உள்ள டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபான், குளோர்ஃபெனிரமின், அம்ப்ராக்சால் போன்றவை எட்டு வாரம் தாண்டிய இருமலை நிறுத்தும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை.

சிரப் இல்லாமல் என்ன வழி?

பேச்சுப் பயிற்சி. ஆஸ்திரேலியாவின் நியூகாஸில் நகரில் ஆன் வெர்டிகன் 87 பேரிடம் ஆய்வு நடத்தி 2006-இல் வெளியிட்டார். இருமல் கிளம்பும் முன் உந்துதலைக் கண்டுகொள்வது, மூக்கால் மெல்ல மூச்சிழுப்பது, விழுங்குவது, தொண்டையை ஈரமாக வைப்பது என்று நான்கே அமர்வுகள். பயிற்சி பெற்றவர்களில் 88% பேருக்கும், பொதுவான ஆரோக்கிய அறிவுரை மட்டும் கேட்டவர்களில் 14% பேருக்கும் பலன் கிடைத்தது. பயிற்சி பெறுகிறோம் என்பது நோயாளிக்குத் தெரியும் என்பதால் நம்பிக்கையின் பங்கு இதிலும் உண்டு. ஆனால் பக்கவிளைவு இல்லை. மூளையின் அந்தச் சக்தியை மறைக்காமல், நேரடியாகவே பயன்படுத்துகிறது இந்த வழி. பெரிய மருத்துவமனைகளின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவில் பேச்சுப் பயிற்சியாளர் இருப்பார். இருமலுக்காக என்று சொல்லிக் கேளுங்கள்.

கேபபென்டின்? 2012-இல் 62 பேரிடம் நடந்த ஆய்வில் பலன் தெரிந்தது. தலைசுற்றலும் சோர்வும் வரும், மருத்துவர் கண்காணிப்பில் மட்டும்.

பிரஷர் மாத்திரையால் இருமல் வருமா? எனலாப்ரில், ராமிப்ரில் வகையில் வரும். நீங்களாக நிறுத்தாமல் மருத்துவரிடம் மாற்றித் தரக் கேளுங்கள்.

நெஞ்செரிச்சலே இல்லை, ஆனாலும் பான்டோப்ரசோல் எழுதுகிறார்களே? எரிச்சல் இல்லாதவர்களின் இருமலுக்கு அதை மட்டும் தருவதை 2016-இன் அமெரிக்க வழிகாட்டுதலே பரிந்துரைக்கவில்லை.

ஆடாதோடை? புரோம்ஹெக்சின் மருந்து அதன் வேதிப்பொருளிலிருந்து பிறந்ததுதான். சளியை இளக்கலாம், வறட்டு இருமலுக்கு ஆதாரம் போதாது.

தேன்? ஒரு வயதுக்குக் கீழ் கூடாது. மற்றவர்களுக்கு இதமாக இருக்கும்.

2025 டிசம்பருக்கு முன் தயாரான புட்டிகள்? புதிய விதி ஆலைக்குத்தான். பழைய சரக்கு காலாவதி தேதி வரை கடையில் இருக்கலாம், தயாரிப்புத் தேதியைப் பாருங்கள்.

எப்போது நாள் கணக்கே பார்க்கக் கூடாது? சளியில் ரத்தம், எடை குறைவு, மாலைக் காய்ச்சல், மூச்சுத் திணறல், புகைபிடிப்பவரின் குரல் மாற்றம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.