மலைக்கோட்டையில கோட்டை எங்கே?

திருச்சி போனவங்க எல்லார் போன்லயும் மலைக்கோட்டை படம் ஒண்ணு இருக்கும். 83 மீட்டர் உயரப் பாறை, மேல உச்சிப் பிள்ளையார். ஆனா நீங்க படம் எடுத்தது கோட்டையை இல்ல. தூரத்துல வர்ற படையைப் பார்க்கத்தான் அந்தப் பாறை. உண்மையான கோட்டை கீழே, ஊரையே சுத்தி நின்ன நாயக்கர் காலத்து மதில். அதுல மிச்சம் மெயின்கார்டு கேட். ஜவுளி வாங்கப் போற அவசரத்துல யாரும் அதை நிமிர்ந்துகூடப் பார்க்கறதில்ல.

பின்னாடி பிரிட்டிஷ்காரங்க மதிலை இடிச்சு, அகழியை மூடி, பூல்வார்ட் ரோடு போட்டாங்க. அது நம்ம வாயில புலிவார்டு ரோடாச்சு. புலிக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல!

மதில் ஒண்ணு இல்ல, ரெண்டு. முதல்ல அகழி, அப்புறம் சுமார் 18 அடி வெளிமதில், கொஞ்சம் இடைவெளி விட்டு 30 அடி உள்மதில். வெளிமதில் ஏன் குட்டையா இருக்கு? உள்மதில்ல நிக்கறவன் அதுக்கு மேலயே சுடலாம். வெளிமதிலைத் தாண்டி உள்ள குதிச்சவன் ரெண்டு சுவருக்கு நடுவுல மாட்டிக்குவான்.

1753 நவம்பர்ல அப்படியே நடந்தது. ஆற்காட்டு நவாப் பதவிக்கான சண்டை. கோட்டைக்குள்ள முகமது அலி பக்கம் நின்ன பிரிட்டிஷ் படை; காவிரிக்கு அந்தப் பக்கம் ஸ்ரீரங்கத்துல பிரெஞ்சுப் படை. நடுராத்திரி பிரெஞ்சு வீரர்கள் ஏணி போட்டு மேற்கு வெளிமதில்ல ஏறிட்டாங்க. சத்தம் போடக் கூடாதுன்னு உத்தரவு. ஆனா அங்க பிடிச்ச பீரங்கியை ஊர்ப்பக்கம் திருப்பி, அவங்களே வெடிச்சாங்க! ஊரே முழிச்சுடுச்சு. இருட்டுல உள்மதில்லேர்ந்து குண்டு மழை. முன்னாடி போக வழியில்ல, திரும்பி இறங்க ஏணியும் இல்ல. விடிஞ்சதும் 300 பேருக்கு மேல சரணடைஞ்சாங்க.

சரி, ஸ்ரீரங்கம் கோயிலுக்கு ஏழு மதிலாச்சே, அது இன்னும் பெரிய கோட்டை இல்லையான்னு கேட்பீங்க. 1752-ல பிரெஞ்சுத் தளபதி லா, சந்தா சாகிபோட சேர்ந்து அதை நம்பித்தான் தீவுக்குள்ள போனார். தெற்கே காவிரி, வடக்கே கொள்ளிடம். ரெண்டு கரையும் எதிரி கையில. மதிலை யாரும் இடிக்கவே தேவைப்படல. சாப்பாடு வர்ற வழியை அடைச்சாங்க, ஜூன்ல படை சரணடைஞ்சது.