‘பஃப் எடுத்தா சரியாயிடுதே... அது போதாதா?’

‘‘இழுப்பு வந்தா ரெண்டு பஃப் எடுக்கிறேன், சரியாயிடுது டாக்டர். அப்புறம் எதுக்குத் தினமும் இன்னொரு இன்ஹேலர்?’’

ஆஸ்துமா உள்ள பலரும் கேட்கிற கேள்வி இது. ஆபத்தும் இங்கேதான் இருக்கிறது.

தூசி, புகை, சளித்தொல்லை என்று ஏதாவது சீண்டினால், மூச்சுக்குழாயைச் சுற்றியுள்ள தசைகள் இறுகிக்கொள்கின்றன. நீல நிற இன்ஹேலரில் பெரும்பாலும் இருக்கும் சால்பூட்டமால், அந்தத் தசைகளைத் தளர்த்தும். சில நிமிடங்களில் மூச்சு லேசாகும். 4 முதல் 6 மணி நேரம் நிம்மதி. ஆனால், குழாயின் உள்ளே இருக்கும் அழற்சி வீக்கம்? அதை இது குறைப்பதில்லை! அதற்கு டாக்டர் சொல்லும் ஸ்டீராய்டு இன்ஹேலர்தான் வேண்டும். ‘ஐயோ, ஸ்டீராய்டா!’ என்று பயப்படாதீர்கள். நேராக நுரையீரலுக்குப் போகும் குறைந்த அளவு மருந்துதான் அது. எடுத்ததும் மறக்காமல் வாய் கொப்பளித்துத் துப்பிவிடுங்கள்.

சால்பூட்டமாலை மட்டுமே நம்பியிருக்கக் கூடாது என்று ‘ஜினா’ எனும் உலக ஆஸ்துமா அமைப்பு 2019-லேயே சொல்லிவிட்டது. 200 பஃப் கொண்ட இன்ஹேலர் வருடத்துக்கு மூன்றோ அதற்கு மேலோ காலியானால், கடுமையான இழுப்பு வரும் அபாயம் கூடுகிறது.

எப்படி எடுப்பது? இன்ஹேலரை நன்றாகக் குலுக்குங்கள். மூச்சை வெளியே விட்டுவிட்டு, உதடுகளால் கவ்விக்கொள்ளுங்கள். மெதுவாக, ஆழமாக மூச்சை இழுக்க ஆரம்பிக்கும்போதே அழுத்துங்கள். பிறகு 10 விநாடி மூச்சை அடக்குங்கள். அடுத்த பஃப்புக்கு அரை நிமிடமாவது இடைவெளி வேண்டும். குழந்தைகளுக்கும் வயதானவர்களுக்கும் ‘ஸ்பேசர்’ வைத்துக் கொடுத்தால் சுலபம். கை லேசாக நடுங்கலாம், நெஞ்சு படபடக்கலாம். கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். நீடித்தால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

திடீரென்று இழுப்பு அதிகமானால் படுக்க வைக்காதீர்கள். நிமிர்ந்து உட்கார வையுங்கள். 30 முதல் 60 விநாடிக்கு ஒரு பஃப் வீதம், அதிகபட்சம் 10 வரை கொடுக்கலாம். அப்படியும் குறையவில்லையா? 108-ஐக் கூப்பிடுங்கள். பேச முடியாமல் திணறினாலோ, உதடு நீலம் பூத்தாலோ பஃப்பை எண்ணிக்கொண்டு காத்திருக்காமல் உடனே கூப்பிடுங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை பஃப் கொடுத்துக்கொண்டிருக்கலாம்.

வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் நீல இன்ஹேலர் தேவைப்படுகிறதா? ஆஸ்துமா கட்டுக்குள் இல்லை என்று அர்த்தம். அடுத்த இன்ஹேலர் வாங்க மருந்துக் கடைக்கு ஓடாதீர்கள். முதலில் டாக்டரிடம் போங்கள்!