பரிந்துரைக் கடிதம்: எந்த ஆசிரியரிடம் கேட்பது?

பிளஸ் டூ முடித்துப் பொறியியல் கலந்தாய்வுக்குப் போகிறவருக்குக் கட்-ஆஃப்தான் பேசும். வகுப்பில் அவர் எப்படி என்று ஆசிரியரை யாரும் விசாரிப்பதில்லை. அமெரிக்கக் கல்லூரியில் இளநிலைப் படிப்புக்கு விண்ணப்பித்தால் அதையும் விசாரிப்பார்கள். பெயர்பெற்ற தனியார் கல்லூரிகள் பலவும் இரண்டு பாட ஆசிரியர்களின் கடிதம் கேட்கின்றன. எம்.ஐ.டி.க்குக் கணிதம் அல்லது அறிவியல் ஆசிரியர் ஒருவர், மொழி, வரலாறு, சமூக அறிவியல் போன்ற பாடங்களின் ஆசிரியர் ஒருவர் எழுத வேண்டும். கலிஃபோர்னியா பல்கலைக்கழக வளாகங்கள் பொதுவாகக் கடிதமே கேட்பதில்லை. ஆகவே முதல் வேலை, எந்தக் கல்லூரி எத்தனை கடிதம், யாரிடமிருந்து கேட்கிறது என்று எழுதி வைத்துக்கொள்வது.

பதவி பார்க்க வேண்டாம்

"பிரின்சிபால்கிட்டயே வாங்கிடலாம், அவர் கையெழுத்துக்கு ஒரு மதிப்பு இருக்கே" என்பதுதான் வீட்டில் முதலில் எழும் யோசனை. அது தேவைப்படாது. காமன் ஆப் எனப்படும் பொது விண்ணப்பத்தில், பள்ளியின் சார்பாக ஒரு படிவமும் கடிதமும் தனியே போகும். ஆலோசகர் இல்லாத பள்ளிகளில் அதைப் பெரும்பாலும் முதல்வர்தான் நிரப்புவார். பாட ஆசிரியர் இடத்திலும் அவரையே போட்டால், வகுப்பறையில் உங்களைப் பார்த்தவர் சொல்ல வேண்டிய இடம் வீணாகிவிடும். டியூஷன் மாஸ்டரும் பயிற்சி மையத்து சாரும் பள்ளி ஆசிரியர் கணக்கில் வர மாட்டார்கள். கல்லூரி இடம் கொடுத்தால் கூடுதல் பரிந்துரையாளராக அவர்களைச் சேர்க்கலாம்.

ஆசிரியருக்கு வரும் படிவத்தைப் பார்த்தால் யாரைக் கேட்பது என்பது பாதி தெளிவாகிவிடும். எழுத்துத் திறன், சொந்தமாகச் சிந்திப்பது, வகுப்பில் விவாதிப்பது, நேர்மை, பின்னடைவைத் தாங்கும் விதம் எனப் பல தலைப்புகளில் மாணவரை மதிப்பிடச் சொல்வார்கள். அளவுகோல் 'சராசரிக்கும் கீழே' என்பதில் தொடங்கி, 'என் பணிக்காலத்தில் கண்ட மிகச் சிலரில் ஒருவர்' என்பதில் முடிகிறது. நூற்றுக்கு நூறு போட்டவர் என்பதற்காக மட்டும் ஓர் ஆசிரியரைத் தேர்ந்தால், இவற்றில் பாதிக்கு அவரிடம் பதில் இருக்காது. மதிப்பெண்தான் சான்றிதழிலேயே இருக்கிறதே.

ஒரு சம்பவம் சொல்வாரா?

'ஒழுக்கமானவர், கடின உழைப்பாளி, ஆசிரியர்களிடம் மரியாதை உள்ளவர்' என்ற வரியை எந்த மாணவரின் பெயருக்குக் கீழேயும் போடலாம். படிப்பவர் மனதில் அது நிற்காது. ஃபிசிக்ஸ் ஆசிரியர் ஒருவர் இப்படி எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம்: தனிஊசல் சோதனையில் புவியீர்ப்பு முடுக்கம் 9.8-க்குக் குறைவாக வந்தது. இந்த மாதிரி நேரத்தில் ரீடிங்கை மாற்றி எழுதி விடையை வரவழைப்பவர்கள் உண்டு. இந்த மாணவி மதிய இடைவேளையில் லேபுக்குத் திரும்பி வந்தாள். ஊசலின் நீளத்தைக் குண்டின் மையம்வரை அளக்காமல் கொக்கியோடு நிறுத்தியதுதான் பிழை என்று கண்டுபிடித்தாள். பழைய ரீடிங்கை அழிக்காமல், பக்கத்திலேயே காரணத்தையும் ரெக்கார்டு நோட்டில் எழுதினாள். அவள் அந்தப் பாடத்தில் முதல் மதிப்பெண் வாங்காதவளாகக்கூட இருக்கலாம். ஆனால் நேர்மை, விடாமுயற்சி, சுயசிந்தனை மூன்றுக்கும் இந்த ஒரு சம்பவம் சாட்சி சொல்லிவிடுகிறது.

உங்களைப் பற்றி இப்படி ஒன்று சொல்லக்கூடியவர் யார் என்று யோசியுங்கள். 11, 12-ஆம் வகுப்புகளில் பாடம் எடுத்தவராக இருப்பது நல்லது. இருவரும் ஒரே விஷயத்தைச் சொல்லாதபடி, ஒருவர் அறிவியல் பக்கம், இன்னொருவர் மொழிப் பக்கம் என்று பிரித்துக்கொள்ளலாம். தமிழ் ஐயாவுக்குத்தான் உங்களை நன்றாகத் தெரியும் என்றால் தயங்காமல் கேளுங்கள். தமிழும் மொழிப் பாடம்தான். அவர் தமிழில் எழுத, பள்ளியின் ஆங்கில ஆசிரியர் மொழிபெயர்த்து, இரண்டையும் சேர்த்து அனுப்பலாம். மொழிபெயர்ப்பை நீங்களோ வீட்டாரோ செய்யக் கூடாது.

கேட்கும் முறை

முன்கூட்டிய சுற்றுக்குப் பல கல்லூரிகளில் நவம்பர் 1 கடைசி நாள்; வழக்கமான சுற்றுக்கு ஜனவரித் தொடக்கம். காலாண்டுத் தேர்வு விடைத்தாள்கள் ஆசிரியர் மேசையில் குவிவதற்கு முன், ஜூலையிலேயே நேரில் கேட்டுவிடுங்கள். "என்னைப் பத்தி விவரமா எழுத முடியும்னு தோணுதா மிஸ்?" என்று கேட்பது நல்லது. அவர் தயங்கினால் வற்புறுத்தாமல் அடுத்தவரிடம் போகலாம். அரைமனதுக் கடிதத்தால் பயனில்லை. ஒப்புக்கொண்டவரிடம் ஒரு பக்கக் குறிப்பு கொடுங்கள். அதில் பரிசுப் பட்டியலைவிட, அவர் வகுப்பில் நீங்கள் செய்த புராஜெக்ட், கேட்ட கேள்வி, திணறித் தேறிய பாடம் ஆகியவை இருக்கட்டும்.

"நீயே எழுதிட்டு வா, கையெழுத்துப் போடுறேன்" என்று சில ஆசிரியர்கள் அன்பாகத்தான் சொல்வார்கள். அவர் பெயரில் மின்னஞ்சல் முகவரி தொடங்கி மாணவரே அனுப்புவதும் நடக்கிறது. இரண்டுமே ஆபத்து. உங்கள் கட்டுரையின் நடையும் கடிதத்தின் நடையும் ஒன்றாக இருந்தால் சந்தேகம் வரும். மோசடி என்று தெரிந்தால் கிடைத்த இடமும் போகும். குறிப்பு தருகிறேன், நீங்களே எழுதுங்கள் என்று பணிவாகச் சொல்லிவிடலாம். காமன் ஆப் அனுப்பும் இணைப்பு ஆசிரியரின் மின்னஞ்சலுக்கே போகும். கடிதத்தை அவரே ஏற்றுவார்.

1974-இல் வந்த ஃபெர்பா என்ற அமெரிக்கச் சட்டத்தையொட்டி, கடிதத்தைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறீர்களா என்று விண்ணப்பத்தில் ஒரு கேள்வி வரும். விட்டுக்கொடுப்பதே வழக்கம். ஆசிரியர் மனம்விட்டு எழுதியிருக்கிறார் என்று கல்லூரி நம்ப அது உதவும்.

கடிதம் போன பிறகு நன்றி சொல்லுங்கள். இடம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் முடிவை அவரிடம் தெரிவியுங்கள். அடுத்த ஆண்டு இன்னொரு மாணவர் வந்து கேட்கும்போது, இது எப்படிப்பட்ட வேலை என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.