தோட்டத்து நத்தைகளும் வீட்டு மருந்துகளும்

மாரி பிறந்ததும் கீரைப் பாத்திகளையும் இளநாற்றுக்களையும் இரவோடிரவாக அரித்துண்பவை நத்தைகள். இவற்றுள் ஓடற்றனவும் உள, ஓடுடையனவும் உள. ஓடுடைய ஆபிரிக்கப் பெருநத்தை 1900ஆம் ஆண்டளவில் இலங்கைக்குக் கொணரப்பட்டதாகும்.

நத்தையைக் கண்டதும் உப்பைத் தூவுதல் பலரது வழக்கம். ஈரஞ் செறிந்த மெல்லுடலினின்று நீரை உப்பு வெளியே இழுத்துவிடுதலால் நத்தை மடிகின்றது. ஆயின், அவ்வுப்பே மழைநீரிற் கரைந்து மண்ணுட் புகுந்து, பயிரின் வேர் நீரை உறிஞ்சவொட்டாது தடுக்கும். கிணறுகள் பல உவர்நீராகிவரும் யாழ்ப்பாணக் குடாநாட்டில் இம்மருந்தினை விலக்குதலே நன்று.

சாம்பலும் சுண்ணாம்புத் தூளும் உலர்ந்திருக்கும்வரையே தடையாகும், நனைந்தபின் பயனில. முட்டைக்கோது நத்தையைத் தடுக்கும் என்னும் நம்பிக்கையும், 2018இல் பிரித்தானிய அரச தோட்டக்கலைச் சங்கம் வெளியிட்ட ஆய்வில் மெய்ப்படவில்லை.

எஞ்சுவது எளிய வழியொன்றே. நனைத்த சாக்கினை மாலையிற் பாத்தியருகே விரித்து, விடியலில் அதன்கீழ் ஒதுங்கிய நத்தைகளைப் பொறுக்கிக் கொதிநீரில் இடுதல் வேண்டும். மூளையைத் தாக்கும் நுண்புழுவை அவை சுமத்தல் கூடுமாதலின், வெறுங்கையால் தொடலாகாது. இவற்றின் முட்டைகள் மண்ணுட் கிடந்து பொரிப்பதால், மாரி முடியும்வரை இப்பணியைத் தொடர்தல் இன்றியமையாதது.