நொண்டும் நாய்கள் எல்லாம் அடிபட்டவை அல்ல

2008 இல் கிளிநொச்சியை விட்டு இடம்பெயர்ந்தபோது எங்கள் நாயைச் சங்கிலி கழற்றிவிட்டு வந்தவர் அம்மா. மீள்குடியேறிய பின்னும் பல வருடங்கள் நாய் வளர்க்க மறுத்தார். இப்போது தனியாக இருக்கும் அவருக்குத் துணை மணிதான்.

இந்தத் தை மாதம் மணி எழும்பச் சிரமப்பட்டது. முதலில் முன்கால் நொண்டியது. இரண்டு நாளில் பின்காலும். உடம்பு கொதித்தது, சோற்றை மணந்துவிட்டுப் படுத்துக்கொண்டது. “ஆரோ அடிச்சுப்போட்டாங்கள்” என்றார்கள் அயலவர்கள். நானும் தொலைபேசியில், மனிதர்களுக்கான வலிக்குளிசையில் பாதி கொடுக்கச் சொன்னேன். அது என் பிழை.

மிருக வைத்தியர் கணுக்கால் மூட்டிலிருந்து ஊசியால் நீர் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். அதில் வெள்ளைக் குருதிக் கலங்கள் அளவுக்கு அதிகமாக இருந்தன, கிருமி இல்லை. குருதிப் பரிசோதனையில் உண்ணிக் காய்ச்சலும் இல்லை. கிருமிகளோடு போராடவேண்டிய நோயெதிர்ப்புத் தொகுதி, சொந்த மூட்டுகளையே தாக்கும் நோய் இது. ஒரே நேரத்தில் பல மூட்டுகள் அழற்சியடையும். பெரும்பாலும் காரணம் தெரிவதில்லை. சிலவேளை உடலின் வேறிடத்திலுள்ள தொற்று, புற்றுநோய் அல்லது ஒரு மருந்து இதைத் தூண்டிவிடும். மனிதருக்குத் தொற்றாது.

உண்ணி பரப்பும் காய்ச்சலும் இதே அறிகுறிகளைக் காட்டும். அதற்கு டொக்சிசைக்ளின் தேவை. இந்த நோய்க்கோ நோயெதிர்ப்பை அடக்கும் பிரெட்னிசொலோன் தேவை. அதனால்தான் பரிசோதனை முதலில் வரவேண்டும்.

வலிக்குளிசை பற்றி வைத்தியர் கேட்டபோது உண்மையைச் சொன்னோம். இபுபுரோபன், டைக்குளோபெனாக் போன்றவை நாயின் இரைப்பையையும் சிறுநீரகத்தையும் பாதிக்கும். பிரெட்னிசொலோனோடு சேர்ந்தால் இரைப்பையில் புண், குருதிக்கசிவு ஏற்படலாம். எனவே சில நாட்கள் பொறுத்தே சிகிச்சையைத் தொடங்கினார். அந்த நாட்களில் மணி வலியோடு கிடந்தது.

மருந்து தொடங்கிய சில நாட்களில் மணி நடந்தது. கவனம் தேவைப்படுவது இங்கேதான். சுகமாகிவிட்டது என்று குளிசையைத் திடீரென நிறுத்தினால் நோய் திரும்பலாம், உடல் நிலைகுலையலாம். வைத்தியர் சொல்லும்படி மாதக்கணக்கில் சிறிது சிறிதாகவே குறைக்கவேண்டும். அதுவரை தாகம், பசி, சிறுநீர் எல்லாம் கூடும், தண்ணீரை மறிக்கக்கூடாது.

பொதுவாகக் காணப்படும் வகை எலும்பை அரிப்பதில்லை. ஆகவே நேரத்துக்குச் சிகிச்சை கிடைத்தால் பல நாய்கள் நன்றாக நடக்கும். காயமில்லாமல் நொண்டினால், கால் மாறி நொண்டினால், கூடவே காய்ச்சலும் இருந்தால் வீட்டு மருந்து வேண்டாம், மிருக வைத்தியரிடம் போங்கள்.

அம்மா கலண்டரில் ஒவ்வொரு குளிசைக்கும் கோடு போடுகிறார். மணி இப்போது படலை வரை வருகிறது.